நவம்பரில் ஜெயிக்கட்டும், அப்புறம் பேசலாம்

கேள்வி இதுதான்: "ஆகஸ்டில் லிங்கனில் இருக்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேரப் போகிறேன். வீடு பார்ப்பதற்காக வீடியோ காலில் பேசினால், ஓனர் வாடகையைச் சொல்வதற்கு முன்பே 'இந்த வருஷம் ஹஸ்கர்ஸ் எத்தனை ஜெயிக்கும்னு நினைக்கிறே?' என்று கேட்கிறார். தேடிப் பார்த்தேன், ஹஸ்கர்ஸ் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமாம். 2024இல் 7 வெற்றி, 6 தோல்வி. 2025லும் அதேதான். இப்படி ஒரு காலேஜ் டீமிடம் இந்த ஜனங்கள் எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்?"

தம்பி, ஓனர் சும்மா ஊர்ப் பேச்சு பேசவில்லை, உங்களை ஆழம் பார்த்திருக்கிறார். "எல்லாம் ஜெயிக்கும் சார்" என்றிருந்தால் வாய்ச்சவடால் பேர்வழி என்று நினைத்திருப்பார், "நாலு" என்றிருந்தால் அட்வான்ஸைக் கொஞ்சம் கூட்டியிருப்பார்.

நான் லிங்கனுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் எனக்கும் இந்த ஆட்டத்தில் யார் எதற்கு யார் மேல் விழுகிறார்கள் என்றே புரியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற விவசாயி, வயது 80ஐ நெருங்குகிறது, அவர்தான் இதில் எனக்கு வாத்தியார். அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் ஸ்டேடியத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இங்கே இதை விட்டால் வேறு டீம் கிடையாது. மொத்த மாநிலத்திலும் 20 லட்சம் பேர்தான். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கில் டீம் இல்லை, பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் பெரிய லீக் எதிலும் ஒரு டீம் இல்லை. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி மேற்குக் கோடியில் மாடு மேய்க்கிறவருக்கும் ஒமாஹாவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்கும் பொதுவாக இருப்பது இந்த ஒரு சிவப்புச் சட்டைதான். மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காரலாம், மேட்ச் நடக்கும் சனிக்கிழமைகளில் ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த ஸ்டேடியம்தான் என்று இங்கே சொல்வார்கள், கணக்குப் பார்த்தால் அது நிஜமும்கூட. 1962 நவம்பரில் மிசௌரியோடு ஆடிய மேட்ச் தொடங்கி, கூட்டமே அனுமதிக்காத கோவிட் வருடத்தை விட்டுவிட்டால், லிங்கனில் ஒரு மேட்ச்சுக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. 400 மேட்ச் தாண்டிவிட்டது. (நடுவில் டீம் படுத்துவிட்ட ஒரு வருடத்தில் விற்காமல் கிடந்த டிக்கெட்டுகளை வசதி படைத்த ரசிகர்கள் வாங்கி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்து அந்தக் கணக்கைக் காப்பாற்றினார்கள். அதைப் பற்றி இங்கே யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள், நீங்களும் பேசாதீர்கள்.)

சீசனில் மொத்தமே 12 மேட்ச். ஆறு ஜெயித்தால்தான் டிசம்பரில் 'பௌல்' என்று சொல்லும் கூடுதல் மேட்ச் ஆடலாம். அதனால்தான் எண்ணிக்கை மேல் இவ்வளவு வெறி, ஒரு தோல்வி என்பது வருடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போன மாதிரி.

இப்போது ஒன்பது என்ற எண்ணின் கதைக்கு வருகிறேன், இதுதான் முக்கியம்.

டாம் ஆஸ்பர்ன் என்று ஒரு கோச். 1973 முதல் 1997 வரை 25 வருடம் இருந்தார், 255 வெற்றி, ஒரு வருடம்கூட ஒன்பதுக்குக் கீழே போகவில்லை. திரும்பப் படியுங்கள், 25 வருடத்தில் ஒரு வருடம்கூட. அவருக்கு முன் இருந்த பாப் டெவானி 1970லும் 1971லும் தேசிய சாம்பியன்ஷிப் வாங்கியிருந்தார், ஆஸ்பர்ன் 1994, 1995, 1997 என்று மூன்று வாங்கினார் (1997இல் மிஷிகனோடு பங்கு போட்டுக்கொண்டது). 1995 டீமை இன்றைக்கும் காலேஜ் ஃபுட்பாலின் ஆகச் சிறந்த டீம்களில் ஒன்று என்பார்கள், ஃபைனலில் ஃபுளோரிடாவை 62-24 என்று துவைத்து எடுத்தது. ஆனால் பெரியவரைக் கேட்டால் ஜெயித்ததைச் சொல்லமாட்டார், 1984 ஜனவரி 2 அன்று மயாமியிடம் தோற்றதைத்தான் சொல்வார். கடைசி நிமிடத்தில் ஒரு டச்டவுன் போட்டு (பந்தை எதிரியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது) 31-30க்கு வந்துவிட்டார்கள், ஒரு பாயின்ட் உதை உதைத்தால் டிரா, டிரா ஆனாலே சாம்பியன் பட்டம் ஏறக்குறைய கையில். ஆஸ்பர்ன் உதைக்கச் சொல்லவில்லை. பந்தை மறுபடி எல்லைக்குள் கொண்டுபோய் ஜெயித்துவிட இரண்டு பாயின்ட்டுக்குப் போனார், பந்து தட்டிவிடப்பட்டது, தோற்றார்கள். "டிரா பண்ணிக் கப் வாங்க அவருக்கு மனசு வரலே" என்று சொல்லும்போது பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து கோப்பையைப் பற்றிச் சொல்லும்போதுகூட அந்தப் பெருமை இருக்காது. இந்த ஊரின் எதிர்பார்ப்பில் ஜெயிப்பது மட்டும் இல்லை, எப்படி ஆடுகிறார்கள் என்பதும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஆஸ்பர்னுக்கு அப்புறம் வந்தவர் ஃபிராங்க் சோலிச். ஆறு வருடத்தில் 58 வெற்றி, 19 தோல்வி. 2001இல் டீமை தேசிய ஃபைனலுக்கே கொண்டுபோனார். 2003இல் 9 ஜெயித்து 3 தோற்றார், பௌல் மேட்ச் வருவதற்கு முன்பே வேலையை விட்டுத் தூக்கினார்கள். டீம் சுமாராகிவிட விடமாட்டோம் என்பது அன்றைய நிர்வாகத்தின் காரணம். அடுத்த வருடமே 5-6. 1961க்குப் பிறகு முதல் முறையாகத் தோல்விகள் வெற்றிகளைத் தாண்டின. சுமாராகிவிடுமோ என்று பயந்து செய்த வேலை, சுமாரே பெரிய விஷயம் என்று ஆக்கிவிட்டது.

அதோடு பாடம் கற்றார்களா என்றால் இல்லை. 2008இல் போ பெலினி வந்தார், இருந்த ஏழு வருடமும் ஒன்பதுக்குக் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு முழு சீசனிலும் கணக்குப் பிசகாமல் நாலு தோல்வி, அதிலும் பெரிய மேட்ச்களில் மானம் போகிற மாதிரி. நான் வந்த 2012இல் கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழக டீம்கள் தங்களுக்குள் ஆடும் பிரிவு) ஃபைனலில் விஸ்கான்சினிடம் 70-31. என் வீட்டில் டிவி இல்லை, பெரியவர் வீட்டில்தான் பார்த்தேன், பாதி மேட்ச்சிலேயே எழுந்து போய் கராஜில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார். 2014இல் பெலினியையும் 9-3இல் அனுப்பினார்கள். அவருக்கு ஆடத் தெரிந்ததைவிடச் சண்டை போடத் தெரிந்தது அதிகம் என்பதும் ஒரு காரணம், அதை விடுங்கள். ஆக, ஒன்பது வெற்றி போதாது என்று இரண்டு பேரை அனுப்பிய ஊர் இது. கடைசியாக இந்த டீம் ஒன்பது ஜெயித்தது 2016இல். அடுத்து 2017 முதல் 2023 வரை ஏழு வருடம் தொடர்ந்து தோல்வி சீசன்கள். இப்போது ஒன்பது என்று யாராவது சொன்னால் கண் கலங்குகிற நிலை.

நடுவில் ஸ்காட் ஃபிராஸ்ட் கதை வேறு இருக்கிறது. மண்ணின் மைந்தர், 1997 சாம்பியன் டீமின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), அப்போதுதான் மத்திய ஃபுளோரிடா டீமை 13-0 கொண்டுபோய்விட்டு வந்திருந்தார். 2018இல் அவர் வந்தபோது ஊரே மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருந்தது. முதல் வருடம் 4-8, பரவாயில்லை, அடுத்த வருடம் பார் என்றார்கள். 2019 சீசன் தொடங்குவதற்கு முன்பே நாட்டின் முதல் 25 டீம்களில் 24ஆவது என்று ரேங்க் கொடுத்துவிட்டார்கள், என்ன ஆடினார்கள் என்று பார்த்து இல்லை, யார் கோச் என்று பார்த்து. முடிவு 5-7. எதிர்பார்ப்பு என்றால் என்ன என்று கேட்டீர்களே, அந்த 24 தான் எதிர்பார்ப்பு. ஃபிராஸ்ட் மொத்தத்தில் 16 வெற்றி, 31 தோல்வி, அதில் எட்டு பாயின்ட்டுக்குள் முடிந்த நெருக்கமான மேட்ச்களில் மட்டும் 5-22. 2021இல் 3-9, ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில்தான். சீசன் முழுவதும் கூட்டிப் பார்த்தால் எதிரிகளைவிட இவர்கள்தான் அதிகப் பாயின்ட் எடுத்திருந்தார்கள்! இப்படி ஒரு டீமை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது. 2022இல் அயர்லாந்து வரைக்கும் போய், 28-17 முன்னிலையில் இருக்கும்போது தேவையே இல்லாமல் ஒரு ஆன்சைட் கிக் (உதைத்த பந்தைத் தாங்களே திரும்பப் பிடிக்கப் பார்க்கும் குட்டை உதை) அடித்து, பந்தை நார்த்வெஸ்டர்னிடம் தூக்கிக் கொடுத்து 31-28 தோற்றார்கள். இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் சொந்த ஊரிலேயே தோற்றதும் அவரை அனுப்பினார்கள். இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் அவருக்குத் தர வேண்டிய 1.5 கோடி டாலர் பாதியாகக் குறைந்திருக்கும், அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

இப்போதைய கோச் மேட் ரூலுக்கு வருவோம். இவரைப் பிடித்ததே ஒரு கணக்கை வைத்துத்தான். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் 2-10, மூன்றாம் வருடம் 10 வெற்றி. பெய்லரில் 1-11, 7-6, 11-3. ஆக மூன்றாம் வருடம் பாயும் ஆள் என்று மொத்த மாநிலமும் மனதில் எழுதி வைத்துக்கொண்டது. நெப்ராஸ்காவில் 2023 முதல் வருடம் 5-7, 2024இல் 7-6. 2016க்குப் பிறகு முதல் பௌல் மேட்ச், நியூயார்க்கில் யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் காலேஜை 20-15 ஜெயித்தார்கள். அப்புறம் 2025, அந்த மூன்றாம் வருடம்.

அது எப்படிப் போனது என்று பார்த்தால்தான் இந்த வருட மனநிலை புரியும். சின்சினாட்டியை 20-17 ஜெயித்துத் தொடங்கி, இரண்டு சோதாவை உருட்டி, மிஷிகனிடம் 30-27 நெருங்கித் தோற்று, ஆறு மேட்ச் முடிவில் 5-1. ஊரில் எல்லோரும் பிளேஆஃப் (தேசிய சாம்பியனை முடிவு செய்யும் கடைசிச் சுற்று) கணக்கே போட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்து மின்னசோட்டாவில் 24-6, குவார்ட்டர்பேக் டிலன் ரயோலாவை ஒன்பது தடவை பந்தோடு மடக்கித் தள்ளினார்கள், முன்வரிசைத் தடுப்பு என்று ஒன்று இருந்த மாதிரியே தெரியவில்லை. நவம்பர் 1 அன்று யு.எஸ்.சி.யோடு நடந்த ராத்திரி மேட்ச்சில் ரயோலாவின் கால் எலும்பு முறிந்தது, 21-17 தோல்வி. பதிலுக்கு இறங்கிய முதல் வருடப் பையன் டி.ஜே. லடீஃப் யு.சி.எல்.ஏ.வை ஜெயித்துக் காட்டினான், எல்லோரும் ஆஹா என்றார்கள், அடுத்து பென் ஸ்டேட்டிடம் 37-10, அயோவாவிடம் 40-16, பௌல் மேட்ச்சில் யூட்டாவிடம் 44-22. இதற்கு நடுவில் ரூல் தான் படித்த பென் ஸ்டேட்டுக்கே கோச்சாகப் போய்விடுவார் என்று வதந்தி கிளம்பி, அக்டோபர் கடைசியில் அவருக்கு 2032 வரை ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து அதே பென் ஸ்டேட்டிடம்தான் அந்த 37-10. பெரியவர் சொன்னார், "அவங்க கேட்டாங்க, நாம குடுக்கலே, வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

ரூலின் மூன்று வருடத்தைக் கூட்டுங்கள்: 5-7, 7-6, 7-6. மொத்தம் 19-19. இதற்கு முன்பு மைக் ரைலி என்று ஒருவர் 2015 முதல் 2017 வரை இருந்தார், அவருடைய மூன்று வருடக் கணக்கும் 19-19. அவரை அனுப்பினார்கள், இவருக்கு நீட்டித்தார்கள். ரைலி 9-4இலிருந்து 4-8க்குச் சரிந்தார், ரூல் கீழே கிடந்த டீமைத் தூக்கி நிறுத்தினார் என்ற நியாயம் உண்டு, நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூக்கி நிறுத்திய இடத்திலேயே நிற்கிறதே என்பதுதான் இப்போது எல்லோருடைய கேள்வியும்.

"பொறுமையாக இருங்கள், ஆஸ்பர்னுக்கே முதல் சாம்பியன்ஷிப் வாங்க 22 சீசன் ஆனது" என்று ஒரு கட்சி இருக்கிறது. உண்மைதான், முதல் ஐந்து வருடமும் ஒக்லஹோமாவிடம் தோற்றார், கொலராடோவுக்கு வேலை மாறிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் அந்த 22 சீசனிலும் அவர் ஒன்பதுக்குக் குறையவே இல்லையே. ஒன்பது ஜெயித்துவிட்டுப் பத்துக்குக் காத்திருப்பதும் ஏழு ஜெயித்துவிட்டு எட்டுக்குக் காத்திருப்பதும் ஒன்றா? என்னைக் கேட்டால் இந்த உதாரணத்தை ரூலின் ஆட்கள் சொல்லாமல் இருப்பதே நல்லது.

பொறுமைக் கட்சியின் வாயை அடைத்தது வேறு யாரும் இல்லை, இந்தியானா. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் டீம் என்றால் காலங்காலமாக எல்லோரும் வந்து ஏறி மிதித்துவிட்டுப் போகும் திண்ணை. 2023இல் 3-9. கர்ட் சிக்னெட்டி என்று புதுக் கோச் வந்தார், முதல் வருடமே 11-2 (அந்த வருடம் நெப்ராஸ்காவை 56-7 அடித்தார்கள், அதைப் பற்றிப் பேச வேண்டாம்), இரண்டாவது வருடம் 16-0, 2026 ஜனவரியில் மயாமியை ஃபைனலில் 27-21 ஜெயித்துத் தேசிய சாம்பியன். இரண்டே வருடம்! ஒரே கான்ஃபரன்ஸ், அதே பிக் டென். இப்போதெல்லாம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஆட்டக்காரர்கள் எந்த வருடமும் டீம் மாறலாம், 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகச் சம்பளம் மாதிரிப் பணம் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். நெப்ராஸ்காவிடம் பணத்துக்குக் குறைவில்லை, கூட்டத்துக்குக் குறைவில்லை. பிளேஆஃப்பும் நாலு டீமிலிருந்து 12 டீம் ஆகிவிட்டது. அப்புறம் எதற்கு நாங்கள் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்று கேட்கும் இளவட்டத்துக்கு யாரிடமும் பதில் இல்லை.

அதே போர்ட்டல் வழியாகத்தான் ரயோலா ஆரிகானுக்குப் போய்விட்டார். அவருடைய அப்பா இதே நெப்ராஸ்காவுக்கு ஆடியவர், அதனால் கொஞ்சம் வலித்தது. போன சீசனில் பந்தோடு 1,400 யார்டுக்கு மேல் ஓடிய எம்மெட் ஜான்சனும் என்.எஃப்.எல். பக்கம் போய்விட்டார். எனக்கு ரயோலா போனதைவிட ஜான்சன் போனதுதான் கவலை. போன வருடம் தடுப்பு வரிசை சொதப்பிய நாட்களில் மூன்று பேர் மேலே விழுந்த பிறகும் இன்னும் நாலு யார்டு இழுத்துக்கொண்டு போனவர் அவர், அந்த நாலு யார்டை யார் எடுப்பது?

சரி, உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். இவர்கள் எதிர்பார்ப்பது எத்தனை வெற்றி என்பதல்ல, எந்த மாத வெற்றி என்பது.

ரூல் வந்த பிறகு நவம்பரில் ஆடிய மேட்ச் 12. ஜெயித்தது இரண்டு. 2023இல் நாலும் போனது, நாலுமே கடைசி நிமிடம் வரை இழுத்துப் போனது: மிஷிகன் ஸ்டேட் 20-17, மேரிலேண்ட் 13-10, விஸ்கான்சின் கூடுதல் நேரத்தில் 24-17, அயோவா 13-10. 2024 நவம்பரில் விஸ்கான்சின் ஒன்றை மட்டும் ஜெயித்தார்கள், கடைசியில் அயோவா மறுபடி அதே 13-10, மறுபடி அதே கடைசி வினாடி ஃபீல்ட் கோல் (உதைத்து எடுக்கும் மூன்று பாயின்ட்). இரண்டு வருடம் ஒரே ஸ்கோரில், ஒரே மாதிரி, ஒரே எதிரியிடம் தோற்பதற்கெல்லாம் தனி ஜாதகம் வேண்டும். 2025இல் யு.சி.எல்.ஏ. ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் பாதியில் கனவு காண வைத்து, தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் அயோவாவிடம் கொண்டுபோய் முடிக்கிறார்கள்.

போன நவம்பர் 28 அயோவா மேட்ச்சுக்குப் பெரியவரோடு போயிருந்தேன். அவர் எப்போதும் ஒரு காதில் பழைய ரேடியோ இயர்போனை மாட்டிக்கொண்டுதான் மேட்ச் பார்ப்பார், கண்ணால் பார்ப்பதை ரேடியோக்காரர் உறுதிப்படுத்தினால்தான் நம்புவார். ஃபிளாஸ்கில் காபி, கோட் பாக்கெட்டில் தாளில் சுற்றிய ரன்ஸா. ரன்ஸா என்பது மாட்டிறைச்சியும் முட்டைகோஸும் உள்ளே வைத்துச் சுட்ட நீளமான பன், இந்த ஊரின் அடையாளமே அதுதான், சாப்பிடுகிறவராக இருந்தால் நவம்பர் குளிரில் சாப்பிட்டுப் பாருங்கள். ஸ்கோர் ஏற ஏறப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நாலாவது குவார்ட்டரில் இயர்போனைக் கழற்றி, ஒயரை நிதானமாகச் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆட்டம் முடிந்தது 40-16. எழுந்து போவார் என்று பார்த்தால், நின்று, வெளியேறும் அயோவாக்காரர்களுக்குக் கை தட்டினார். வந்த டீம் நன்றாக ஆடினால் கை தட்டி அனுப்புவது இங்கே பழைய வழக்கம், உங்களுக்கும் யாராவது சொல்லித் தருவார்கள். கார் வரைக்கும் நடந்து வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், "அடுத்த வருஷம்."

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. நாட்டின் முதல் 25 ரேங்கில் இருக்கும் ஒரு டீமை நெப்ராஸ்கா கடைசியாக ஜெயித்தது 2016 செப்டம்பரில், ஆரிகானை 35-32. இப்போது கல்லூரியில் முதல் வருடம் சேரும் பிள்ளைகள் அப்போது மூன்றாவது நான்காவது வகுப்பு. பத்து வருடமாக ஒரு பெரிய தலையைக்கூடச் சாய்க்கவில்லை. இந்த வருடம் அதில் ஒன்று நடந்தால் போதும், எட்டு வெற்றியோடு முடிந்தால்கூட வீதியில் ஆடுவார்கள். அது நடக்காமல் சோதா டீம்களாகப் பார்த்து ஒன்பது ஜெயித்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், "யாரை ஜெயிச்சாங்க?" என்பார்கள். அதற்கு இடமும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 2026லும் 2027லும் டென்னசியோடு ஆட வேண்டிய இரண்டு மேட்ச்களையும் ஸ்டேடியம் புதுப்பிக்கும் வேலையைக் காரணம் காட்டி 2025 தொடக்கத்திலேயே ரத்து செய்துவிட்டார்கள். காரணம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் பயந்துகொண்டு ஓடினார்கள் என்று டென்னசிக்காரன் சொல்வதை இங்கே பலரும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1984இல் டிராவுக்கு ஒத்துக்கொள்ளாத ஊர் இல்லையா.

ஆளுக்கு ஒரு மாதிரியான எதிர்பார்ப்பும் உண்டு. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு 1997 என்பது அப்பா சொல்லும் கதை, அவர்களுக்கு இந்தியானாதான் அளவுகோல், பிளேஆஃப் வேண்டும், இல்லையென்றால் ஆளை மாற்று. நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள்தான் மிக மோசமான கட்சி, சின்ன வயதில் மூன்று சாம்பியன்ஷிப்பைக் கண்ணால் பார்த்தவர்கள், அதற்கப்புறம் கோச் மாறி மாறி எல்லாவற்றிலும் ஏமாந்தவர்கள், செப்டம்பரில் அமைதியாக இருப்பார்கள், முதல் தோல்விக்கே "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிப்பார்கள். கிழவர்கள் பரவாயில்லை. பெரியவரின் மனைவி இந்தக் கூத்து எதிலும் சேரமாட்டார், அவர் வாலிபால் கட்சி. பெண்கள் வாலிபால் டீமும் ஐந்து தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறது, கடைசியாக 2017இல். 2023 ஆகஸ்டில் அதே ஃபுட்பால் ஸ்டேடியத்தில் 92,003 பேர் உட்கார்ந்து வாலிபால் பார்த்தார்கள், பெண்கள் விளையாட்டில் உலக சாதனை. "எங்க பொண்ணுங்க எதிர்பார்ப்பை ஏமாத்துறதில்லை" என்று அவர் சமையலறையிலிருந்து சொல்வார், பெரியவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

என் சொந்தக் கணிப்பு கேட்டால், எட்டு. தடுப்பு வரிசை போன வருடத்தைவிட மோசமாக இருக்க வழியே இல்லை. ஆனால் குவார்ட்டர்பேக் இடத்தில் யார் நின்றாலும் முழு சீசன் இங்கே ஆடிய அனுபவம் இருக்காது, ஜான்சனும் இல்லை, அதனால் ஒன்பது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்டோபர் வரை எத்தனை ஜெயித்தாலும் நான் உணர்ச்சிவசப்படப் போவதில்லை என்று ஒவ்வொரு வருடமும் போல இந்த வருடமும் முடிவு செய்திருக்கிறேன்.

நீங்கள் வந்து இறங்கியதும் ஒரு சிவப்புச் சட்டை வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைந்ததே போதும். மாணவர்களுக்கான சீசன் டிக்கெட் தனியாக உண்டு, விற்பனை எப்போது தொடங்குகிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள், ஆட்டம் புரியாவிட்டாலும் ஒரு மேட்ச்சாவது போய்விடுங்கள். முதல் டச்டவுனுக்கு ஆயிரக்கணக்கில் சிவப்பு பலூன் பறக்கவிடுவார்கள் என்று பழைய வீடியோக்களில் பார்த்துவிட்டு எதிர்பார்க்காதீர்கள், ஹீலியம் தட்டுப்பாடு என்று 2022இல் அதை நிறுத்தினார்கள். மேட்ச் நாளில் டவுன்டவுன் பக்கம் கார் எடுக்காதீர்கள். அயோவாவில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் அதை முதல் மாதமே சொல்லிவிடாதீர்கள்.

வீட்டு ஓனரிடம் எட்டு என்று சொல்லுங்கள், அது மரியாதையான எண், அவர் தலையாட்டுவார். எங்கள் பெரியவர் போன மாதம் வேலிப் பக்கம் நின்று என்னிடமும் இதையே கேட்டார். அவரிடம் மட்டும் ஒன்பது என்று சொல்லியிருக்கிறேன்.